ஓசாகா வீட்டு அட்வான்ஸ்

பரங்கிப்பேட்டையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. பு. முட்லூர் வரை ஏழு கிலோமீட்டர். அங்கே போனால் கடலூர் பஸ் கிடைக்கும். சட்டைப் பையில் பன்னிரண்டு ரூபாயும், நாலாக மடித்த கோடு போட்ட தாள் ஒன்றும் இருந்தன. ஜப்பானில் ஓசாகா என்ற ஊரில் நான் ஒரு மாதத்தை எப்படி ஓட்டுவேன் என்பது அந்தத் தாளில் வரி வரியாக எழுதியிருந்தது.

பின்னால் வந்த மினிபஸ் வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "முட்லூரா, ஏறு ஏறு" என்றார். மூன்று ரூபாய் டிக்கெட். வேண்டாம் என்று கையாட்டினேன். முட்லூரிலிருந்து கடலூருக்கு ஒன்பது ரூபாய், ஒரு டீ மூன்று ரூபாய், அதோடு பை காலி. நாற்பதாயிரம் ரூபாய் மாதச் செலவுக்குத் திட்டம் போட்டவன் மூன்று ரூபாய்க்காக நடக்கிறான் என்பது அந்தக் கண்டக்டருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்கிக் காட்டியிருப்பார்.

சாயங்காலம் நாலு மணிக்குள் கடலூர் முதுநகரில் இருக்க வேண்டும். அக்காவின் மகளிர் குழு அன்றைக்குக் கூடுகிறது. என் ஓசாகா தாளை அங்கே வைத்து, முப்பதாயிரம் ரூபாய் கடன் கொடுப்பதா வேண்டாமா என்று பதினைந்து பெண்கள் முடிவு செய்யப்போகிறார்கள். முப்பதாயிரமும் அக்கா பெயரில் வரும் கடன். இந்தச் சுற்று அவள் முறை. மோட்டார் தையல் மெஷின் வாங்குவதற்காக இரண்டு வருஷம் காத்திருந்து வந்த முறை. அதைத்தான் நான் கேட்டிருந்தேன்.

இது இரண்டாயிரத்து எட்டில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் இருபத்துமூன்று மார்க் வாங்கிவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தவன். அதற்குப்பின் எந்த இடத்திலும் ஒன்றரை வருஷம் இருந்ததில்லை. பண்ருட்டியில் பலாப்பழ லாரிக்கு லோடு ஏற்றினேன். குமராட்சிப் பக்கம் அறுவடை மெஷினோடு சுற்றினேன், வெள்ளம் வந்த வருஷம் மெஷினோடு சேர்ந்து நானும் சும்மா இருந்தேன். கடைசியாக சிதம்பரத்தில் ஒரு மெஸ்ஸில் சப்ளையர். வேலை பிடிக்காமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். பாதி வேலைகளை வேலைதான் விட்டது.

மெஸ்ஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு ஏஜென்ட் இருந்தார். சாப்பிட வருவார். நான் ஒரே தடவையில் ஆறு இலைக்குச் சாம்பார் ஊற்றுவதைப் பார்த்து, "உன் கைக்கு ஜப்பான்ல வேல இருக்கு தம்பி" என்றார். ஓசாகாவில் இந்தியச் சாப்பாட்டுக் கடை. சமையல்காரர் விசா. அதற்குப் பத்து வருஷ அனுபவம் வேண்டும் என்று அவரே சொல்லி, அவரே ஒரு சர்டிபிகேட்டும் அடித்துக் கொடுத்தார். அதன்படி நான் பதினேழு வயதிலிருந்து தந்தூரி அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். உண்மையில் பதினேழு வயதில் நான் நின்றது வடலூர் லெவல் கிராஸிங்கில், வேர்க்கடலை விற்றுக்கொண்டு.

ஃபைல் செலவுக்கு முதலில் முப்பதாயிரம். மிச்சத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்களாம். அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் துணியில் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"போ. வேணாம்னு சொல்லல. ஆனா அங்க ஒரு மாசத்துக்கு இன்னா ஆவும், இன்னா மிஞ்சும்னு எழுதிக் குடு. குழுவுல கேப்பாங்க."

"மாட்டுக் கடனுக்கெல்லாம் எழுதிக் குடுக்குறாங்களா?"

"மாடு எவ்ளோ தின்னும், எவ்ளோ பால் குடுக்கும்னு எழுதித்தாண்டா குடுக்குறாங்க. நீ மாட்ட விட ஒஸ்தியா?"

எழுத உட்கார்ந்தேன். ஏஜென்ட் வாயால் சொன்னதெல்லாம் ஆதாரம். நூறு யென் நாற்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். சம்பளம் நாற்பதாயிரம் ரூபாய். அதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கழித்தல் ஆரம்பித்தது. வாடகை பதினெட்டாயிரம். விமான டிக்கெட், ஏஜென்ட் பாக்கி, வீட்டு அட்வான்ஸ் எல்லாம் முதலாளி போட்டுவிட்டு இரண்டு வருஷத்துக்கு மாதம் பத்தாயிரம் பிடிப்பார். குழுக் கடனுக்கு நான் அனுப்புவது ஆயிரத்தைந்நூறு. அறையில் குளியல் இல்லை, பொதுக் குளியல் கடையில் ஒரு குளியலுக்கு நூற்றறுபது ரூபாய். முப்பது நாளைக்கு நாலாயிரத்து எண்ணூறு. ரயில், சாப்பாடு, போன் கார்டு. கடைசியில் ஐந்நூறு ரூபாய்க்குத் தண்ணீர் கேன். எங்கள் தெருவில் போர் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, ஓசாகாவிலும் குடிக்க மாட்டார்கள் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

கூட்டிக் கழித்தால் மிச்சம் பூஜ்யம். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாழ்க்கையில் நான் சரியாகப் போட்ட முதல் கணக்கு.

லாபம் எங்கே என்றால், அட்வான்ஸில். நாலு மாத வாடகை, அதாவது எழுபத்திரண்டாயிரம் ரூபாய், வீட்டுக்காரரிடம் இருக்கும். இரண்டு வருஷம் கழித்துக் காலி செய்யும்போது கையில் வாங்கிக்கொண்டு வந்தால், அக்காவுக்கு ஒன்றுக்கு இரண்டு மெஷின், மேலே ஒரு கடையும் வைக்கலாம். சுருக்கமாகச் சொன்னால், வீட்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்குவதற்காக ஜப்பான் போக இருந்தவன் நான்.

ஒத்திகையும் பார்த்தேன். அங்கே கடை சாத்துகிற நேரத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு, இலை எடுக்கும் நேரமாகப் பார்த்து, நான் வேலை பார்த்த மெஸ்ஸிலேயே போய், "மிச்சம்தானே, பாதி விலைக்குக் குடுங்க" என்றேன்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "குடுக்கறேன். பாதி இலையில உக்காரு."

நிஜமாகவே இலையைக் கிழித்துப் போட்டார். ரசம் ஓரமாக வழிந்து வேட்டியில் இறங்கியது. சாப்பிட்டேன். ஓசாகா கணக்கில் அன்றைக்குப் பதினொரு ரூபாய் மிச்சம்.

தாளைப் பார்த்த அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். "ஏஜென்ட் சொன்னது இருக்கட்டும். அங்க இருந்துட்டு வந்தவன் ஒருத்தன்கிட்ட காட்டிட்டு வா." ஏஜென்ட்டே ஒரு விலாசம் கொடுத்தார். பரங்கிப்பேட்டையில் ஒரு பாய், ஓசாகாவில் நாலு வருஷம் அடுப்படியில் இருந்தவர். அவரைப் பார்க்கத்தான் அன்றைக்குக் காலையில் போயிருந்தேன்.

பாய் வாசலில் நாற்காலி போட்டு, வலைக்காரர் ஒருவரிடம் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தார். தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். தண்ணீர் கேன் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார்.

"கேனா? அங்க குழாயத் தொறந்து குடிக்கலாம் தம்பி. அடி."

அடித்தேன். ஐந்நூறு மிச்சம். இன்னும் நாலு வரி இப்படிப் போனால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"தெனம் குளியலா? வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். குளிர்ல வேர்க்காது. அதுவும் எல்லாரும் முழுசா அவுத்துட்டுத்தான் உள்ள போவணும், மொத நாள் நீயே போவ மாட்ட. சரி, கரண்ட் எங்க?"

"கரண்ட்டா?"

"கேஸ், இன்சூரன்ஸ், ஹீட்டரு, கம்பளி? பனி கொட்டுற மாசத்துல இந்த வேட்டியோடயா இருப்ப?"

கடலூர்க்காரன் போட்ட பட்ஜெட்டில் குளிர்காலம் இல்லை. குளிக்காமல் மிச்சம் பிடித்ததையும் கேனில் மிச்சம் பிடித்ததையும் ஹீட்டரும் இன்சூரன்ஸும் அங்கேயே தின்று தீர்த்தன.

பாய் விரல் கடைசி வரிக்கு வந்தது. "இது இன்னா, அட்வான்ஸ் வரவு?"

"காலி பண்ணும்போது திருப்பித் தருவாங்கல்ல. அது."

அவர் மீன்காரரைப் பார்த்தார், மீன்காரர் என்னைப் பார்த்தார். "தம்பி, நாலு மாச வாடகைல ரெண்டு மாசம் அட்வான்ஸே இல்ல. அது நன்றி."

"நன்றின்னா?"

"வீடு குடுத்ததுக்கு நன்றி. வீட்டுக்காரனுக்கு. அவுங்க பாஷையில அதுக்குப் பேரே அதான். குடுத்தா குடுத்ததுதான்."

"மீதி ரெண்டு மாசம்?"

"அது டெபாசிட். போவும்போது சுத்தம் பண்ணக் கழிப்பான், தரையில போட்ட பாயை மாத்தக் கழிப்பான். பாய் சொல்றேன், பாயை மாத்தவே எனக்கு டெபாசிட்டுல பாதி போச்சு. கையில வந்தத வெச்சு ஏர்போர்ட்டுல ஒரு காப்பி குடிச்சேன்."

"வாடகையும் குடுத்து நன்றியும் குடுக்கணுமா பாய்?"

"நம்ம ஊர்ல வாடகை குடுத்துட்டு வீட்டுக்காரன்கிட்ட திட்டு வாங்குறோம். அங்க மரியாதை ஜாஸ்தி, அதுக்கு ரேட்டு." தாளை மடித்து என் பையிலேயே செருகினார். "ஆமா, தந்தூரி போடத் தெரியுமா?"

"பாத்திருக்கேன்."

"எங்க?"

"படத்துல."

அவர் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் நிற்கவில்லை. அந்த வீட்டு மீன் குழம்பின் வாசனையை விட்டுவிட்டு வந்ததுதான் அன்று நான் செய்த தவறுகளில் இன்றுவரை உறுத்துவது.

முட்லூர் வந்து சேர்ந்தபோது செருப்பு வார் அறுந்திருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தாளை விரித்தேன். நடந்து வந்த ஏழு கிலோமீட்டரும் மனதுக்குள் ஓசாகாவில் எதையாவது வெட்டிக்கொண்டேதான் வந்தேன். போன் கார்டை வெட்டினேன். அக்கா குரலை இரண்டு வருஷம் கேட்காவிட்டால் சாகமாட்டேன். ரயிலை வெட்டினேன், நடந்து பழக்கம் இருக்கிறது. முடிவெட்டுவதை வெட்டலாம் என்று பார்த்தால் அதை முதலிலேயே எழுத மறந்திருந்தேன். சாப்பாட்டைப் பாதியாக்கினேன். அத்தனையும் வெட்டியும் எழுபத்திரண்டாயிரம் வரவில்லை. கம்பளி போர்த்திக்கொண்டு, பேசாமல், குளிக்காமல் ஓர் ஆள் அந்த அறையில் உட்கார்ந்திருப்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

டீ ஆறியது. அங்கே ஒரு முடிவு எடுத்தேன். அட்வான்ஸ் வரியை அப்படியே விட்டுவிடுவது. முதுநகரில் பதினைந்து பெண்களுக்கு ஓசாகா வீட்டுக்காரனைப் பற்றி என்ன தெரியும்? போய்ச் சேர்ந்துவிட்டால் ஏதாவது வழி பிறக்காமலா போகும் என்று நினைத்தேன். எல்லா ஊருக்கும் அப்படி நினைத்துத்தான் போனேன். ஆனால் அந்த ஊர்களிலிருந்து நடந்து திரும்ப முடிந்தது.

குழு அங்கன்வாடியில் கூடியது. பெண்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியைப் போட்டார்கள். முழங்கால் இரண்டும் காதுக்கு வந்தன. பின்னால் சுவரில் அம்மா, ஆடு, இலை. அக்கா ஓரமாகத் தீர்மான நோட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். குழுவுக்கு அவள்தான் எழுதுவது. குழுவின் தலைவியை அரசாங்கக் காகிதங்களில் ஊக்குநர் என்பார்கள். அந்த அம்மாளும் அவர் வீட்டுக்காரரும் தண்ணீர் கேன் வியாபாரம் செய்தார்கள். வாரா வாரம் பதினைந்து பேரிடம் சந்தா வசூலித்துப் பழகிய குரல் அவருடையது.

அக்கா என் தாளை வாசித்தாள். வாடகைக்கு ஒரு முனகல். குளியலுக்குப் பெரிய சத்தம்.

"ஒரு தடவ குளிக்க நூத்தி அறுவதா? கெடிலத்துல போயி சும்மா முழுவலாம்."

"கெடிலத்துல தண்ணி எங்கடி இருக்கு?"

"அதான் ஜப்பான் போறாரு, குளிக்க."

நானும் சிரித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"தண்ணி கேனை எதுக்கு அடிச்சிருக்க?" என்றார் ஊக்குநர், தொழில்முறையில்.

"அங்க குழாய்த் தண்ணியே குடிக்கலாமாம்க்கா."

"அந்த ஊரு நமக்கு ஆவாது" என்றார்.

அட்வான்ஸ் வரி வந்தது. எழுபத்திரண்டாயிரம் என்றதும் முனகல் நின்று மரியாதை வந்தது. இரண்டு மெஷின், கடை என்று நான் விளக்கினேன். ஊக்குநர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"வெள்ளையடிக்க எவ்ளோ கழிப்பான்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். வாடகை வீட்டிலிருந்து காலி செய்த எந்தக் கடலூர்ப் பெண்ணும் முதலில் கேட்பது இதைத்தான்.

"அது... தனி" என்றேன்.

"தனின்னா? கழிப்பானா மாட்டானா?"

"கழிக்க மாட்டான்."

"நல்ல மனுசனா இருக்கானே. எழுதுடி, அட்வான்ஸ் முழுசா வரும், அதுல கடன் அடையும்னு. எல்லாரும் கையெழுத்துப் போடுவோம்."

அக்கா எழுத ஆரம்பித்தாள். அவள் ஐந்தாவது வரைதான் படித்தவள். குழுவில் சேர்ந்த பிறகு பயிற்சிக்குப் போய் எழுத்தைச் சரி செய்துகொண்டாள். ஒவ்வொரு எழுத்தையும் வட்டமாக, மெதுவாகப் போடுவாள். 'அட்' எழுதினாள். 'வா' எழுதினாள். இரண்டு சுழி 'ன'வா மூன்று சுழி 'ண'வா என்று ஒரு நொடி நின்று, என்னை நிமிர்ந்து பார்த்தாள், எழுத்துச் சரிதானா என்று கேட்கிற மாதிரி.

"அது வராது" என்றேன்.

"எது, மூணு சுழியா?"

"அட்வான்ஸ். திரும்பி வராது. ரெண்டு மாசம் நன்றிக்குப் போயிரும். ரெண்டு மாசம் பாய்க்குப் போயிரும்."

"எந்தப் பாய்க்கு?"

முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. குட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி, பாய் சொன்னதை, டீக்கடையில் நான் முடிவு செய்ததையும் சேர்த்து. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நன்றின்னு வாயால சொன்னா ஏத்துக்க மாட்டானாமா?"

"முப்பத்தாறாயிரத்துக்கு நன்றியா! என் வீட்டுக்காரருக்கு இருவது வருசமா சோறு போடறேன், ஒரு பைசா நன்றி வந்ததில்ல."

"மாட்டுக்கே கடன் குடுத்துருக்கலாம்."

அக்கா சிரிக்கவில்லை. "இங்க உனக்கு மாசம் எவ்ளோ ஆவுது?" என்று கேட்டாள்.

"எங்க?"

"இங்க. கடலூர்ல, சிதம்பரத்துல. டீ, சோறு, பீடி, பஸ்ஸு."

எனக்குத் தெரியவில்லை. ஓசாகாவில் ஒரு குளியல் எவ்வளவு என்று தெரியும். சொந்த ஊரில் ஒரு மாதத்துக்கு நான் என்ன தின்கிறேன், அது யார் காசு என்று ஒருபோதும் எழுதிப் பார்த்ததில்லை. யார் காசு என்பது மட்டும், அவள் கேட்ட விதத்தில், எனக்கும் மற்ற பதினாலு பேருக்கும் புரிந்துவிட்டது.

அவள் அடிக்கோலை வைத்து, எழுதிய அரைச் சொல்லின் மேல் நேராக ஒரு கோடு போட்டாள். பயிற்சியில் அப்படித்தான் அடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். கீழே 'தையல் மெஷின், முப்பதாயிரம்' என்று எழுதினாள். பதினைந்து கையெழுத்தும் விழுந்தன. அவளுக்கு நன்றி சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அதைச் சொன்னதில்லை. அன்றைக்கு அதன் ரேட்டு வேறு தெரிந்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன்.

நாற்காலியிலிருந்து எழுந்தபோது அது என் இடுப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஊக்குநர்தான் பிடித்து இழுத்தார்.

"மாடி ஏறுவியா?" என்றார்.

"ஏறுவேன்."

"கேன் போடற ஆளு நின்னுட்டான். காலையில ஆறு மணிக்கு வா. கேனுக்கு மூணு ரூபா. அனுபவம் இருக்கா?"

"பத்து வருசம், தந்தூரியில" என்றாள் அக்கா. அப்போதுதான் அவள் சிரித்தாள்.

மறுநாள் காலையில் மூன்று சக்கர வண்டியில் இருபத்தைந்து கேன்களோடு கிளம்பினேன். வார் அறுந்த செருப்பை அக்கா தைத்துக் கொடுத்திருந்தாள். முதல் வீடு இரண்டாவது மாடி, புதிதாகக் குடிவந்தவர்கள். கேனைத் தோளில் ஏற்றி, பாதிப் படியில் ஒருமுறை இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போனேன். அந்த வீட்டு அம்மாள் கேனை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு எவ்வளவு என்று கேட்டார்.

"தண்ணி இருவத்தஞ்சு ரூபா. கேனுக்கு அட்வான்ஸ் நூத்தம்பது."

அவர் பர்ஸைத் திறக்காமல் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"காலி பண்ணிட்டுப் போனா திரும்பி வருமா?"

"முழுசா வரும்மா" என்றேன். "கேன் உடையாம இருந்தா."